செட்டிநாட்டு வீடுகளை எப்படிப் பார்ப்பது? கையில் இரண்டு நாள் இருக்கிறது

கொங்குப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து மூன்று பேர் காரில் காரைக்குடி வருகிறோம். முழுதாக இரண்டு நாள். மகள் கட்டடக்கலை முதலாமாண்டு மாணவி, அதனால் சாப்பாட்டை விட வீடுகள்தான் முக்கியம். இணையத்தில் தேடினால் அதே நாலு வீடு, அதே படங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்பதை விட, போன பிறகு எதைப் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, எது அசல், எது பிற்காலத்து ஒட்டு என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருப்பீர்கள் என நம்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வளவு:
நல்ல கேள்வி சார். முதலில் ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் ஏழு வீடு என்று திட்டம் போடாதீர்கள். மூன்றாவது வீட்டிலேயே தூணும் தரையும் கண்ணுக்குள் கலந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு உள்ளே, மற்றதெல்லாம் தெருவில் நின்று. அது போதும்.

ஒரு வீட்டுக்குப் போனதும் படம் எடுக்க ஓடாமல், தலைவாசல் நிலைக்கு நேர் எதிரே, தெருவிலேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள். கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் பின்கட்டு வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். திண்ணை, முகப்பு (முன்கூடம்), வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி, தோட்டத்து வாசல். பெரும்பாலான பெரிய வீடுகள் கிழக்கு மேற்காக ஓடுபவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இந்தக் கோட்டில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள்: திண்ணையில் நிழல், முகப்பில் அரை இருட்டு, வளவு முற்றத்தில் பளீரென்ற வெயில், பிறகு மறுபடி நிழல். காற்றை இழுப்பது இந்த அமைப்புதான். முற்றத்து வெயிலில் சூடான காற்று மேலே எழும்ப, இருட்டான அறைகளிலிருந்தும் நடைகளிலிருந்தும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். நண்பகலில் நிலைப்படியில் நின்றால் கணுக்காலில் அது படும்.

கட்டுக்குக் கட்டு யாருடைய இடம் என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள். திண்ணையும் முகப்பும் ஆண்களின் இடம், வட்டித்தொழில் கணக்கு வழக்கு எல்லாம் அங்கே. வளவு குடும்பத்தின் இடம். முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளைப் பார்த்து 'இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு சின்ன அறையா' என்று எல்லோரும் கேட்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை அவை. சாமான்கள், சீர்வரிசை, நகை எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கும், வாழ்க்கை முழுக்க வெளித் தாழ்வாரத்தில். அதனால்தான் கதவு அவ்வளவு கனம், பூட்டு அவ்வளவு பெரிது. இரண்டாங்கட்டு பந்தி போடும் இடம். அதன் நீளத்தைப் பார்த்தாலே ஒரு கல்யாணத்தில் எத்தனை இலை விழுந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். ஓர் இலைக்கு இரண்டடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மகளுக்கு நல்ல பயிற்சி.

ஊருணிக்கரை:
வளவு அண்ணன் உள்ளே சொல்லிவிட்டார், நான் வெளியே சொல்கிறேன்.

முகப்பு கிழக்கே பார்த்த வீட்டைக் காலை 7 முதல் 9.30 வரை பாருங்கள். மேற்கே பார்த்ததை மாலை 4-க்கு மேல். நேரம் மாறினால் சுதைவேலை (சுண்ணாம்புக் காரையில் செய்த உருவங்கள்) தட்டையாகிவிடும், ஒன்றும் தெரியாது. சாய்வான வெயில் விழுந்தால்தான் கஜலட்சுமியின் யானைத் துதிக்கை, கைப்பிடிச் சுவர்மேல் நிற்கும் சிப்பாய் பொம்மையின் தொப்பி, பூக்கொடி எல்லாம் எடுப்பாக நிற்கும். உள்முற்றத்துக்கு நேர்மாறு. காலை 11 முதல் 1 மணி வரை வெயில் நேராக உள்ளே இறங்கும்போதுதான் சுவர்ப் பளபளப்பும் தரை நிறமும் உயிர் பெறும். ஆகக் காலையில் தெரு, நண்பகலில் வீட்டுக்குள், மாலையில் மறுபடி தெரு.

கோவையிலிருந்து திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாக வந்தால் காரைக்குடிக்கு முன்னாலேயே வயிரவன்பட்டியும் பிள்ளையார்பட்டியும் வந்துவிடும். இரண்டும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) ஒன்பது கோயில்களில் சேர்ந்தவை. வயிரவன்பட்டியில் கல்தூண்களைப் பார்த்துவிட்டு வீட்டுத் தூண்களைப் பார்த்தால், மரத்தச்சர் எதை மனதில் வைத்து உளியைப் பிடித்தார் என்று புரியும். நடுப்பகலில் கோயில் சாத்திவிடுவார்கள், 11-க்குள் போய்விடுங்கள்.

முதல் நாள் மதியத்துக்கு மேல் காரைக்குடி. ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்கலாம், அதற்கு அரைமணி நேரம் போதும். இரண்டாம் நாள் விடிந்ததும் கானாடுகாத்தான், காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. அங்கே ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை இருக்கிறது. உள்ளே பொதுமக்களை விடுவதில்லை, அதற்காக மனம் சோர வேண்டாம். அதைச் சுற்றியுள்ள தெருக்களே ஒரு காட்சிசாலை. காரை ஓரம் கட்டிவிட்டு நடந்தே போங்கள். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக, கட்டம் கட்டமாக இருக்கும், வழி தவறாது. பிறகு ஆத்தங்குடி, இன்னொரு 10 கி.மீ. நண்பகலில் பெரிய வீடு, அதன்பின் அந்த ஊர்ப் பெயர்பெற்ற பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரும்பாலான பட்டறைகளில் வேலை நடக்காது, அடுக்கி வைத்த கல்லைத்தான் பார்ப்பீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம் என்று எந்த ஊருக்குள்ளும் திரும்பலாம். 'பார்க்க வேண்டிய இடம்' என்று பெயர் போடாத ஊரில்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

போதிகை:
ஒரு நிலைக்கதவுக்கு மட்டும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள் என்பேன். எல்லோரும் முழுக்கதவையும் ஒரே படத்தில் அடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கீழிருந்து தொடங்குங்கள். படி பெரும்பாலும் கல். அதன்மேல் நிலைக்கால். நிலை ஒரே சட்டமாக இருக்காது. வெளியிலிருந்து உள்ளே வர வர ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டங்கள் பின்வாங்கும், ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறு வேலைப்பாடு: ஒன்றில் தாமரை இதழ், ஒன்றில் முத்துச்சரம், ஒன்றில் கொடி, கொடிக்குள் கிளி. கதவில் கீல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கதவுகளில் பல குடுமிக் கதவுகள். கதவுப் பலகையோடு சேர்ந்த மரக்குடுமி மேலும் கீழும் குழியில் உட்கார்ந்து சுழலும். எடை முழுவதும் கீழ்க்குழியில் இறங்குவதால் இரும்புக் கீல் போல இழுத்துக்கொண்டு தொங்காது. குழி தேய்ந்தால் கதவு தரையில் அரைக்கும். தரையில் கால்வட்டமாகக் கீறல் இருந்தால் இதுதான் காரணம்.

நிலைக்கு மேலே இருக்கும் செதுக்குப் பலகைக்குச் சூரியப்பலகை என்று பெயர். கஜலட்சுமி, ராமர் பட்டாபிஷேகம், குழலூதும் கண்ணன் என்று இருக்கும். கைபேசி விளக்கைக் கீழிருந்து நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நல்ல வேலையில் உருவத்தின் பின்பக்கமும் குடைந்து, பலகையை விட்டு விலகி நிற்கும். நிழல் பலகைமேல் தனியாக விழும். பிற்காலத்து நகல்களில் உருவம் பலகையோடு ஒட்டியே இருக்கும், நிழல் விழாது.

மரமெல்லாம் பர்மாத் தேக்கு என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் முடிப்பார்கள். முகப்புத் தூண்களும் உத்தரங்களும் பெரும்பாலும் அதுதான், உண்மை. ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத சுற்றளவில், ஒட்டுப்போடாத ஒரே மரமாக ஏறும் தூணுக்கு அந்தக் காட்டைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள். ஆனால் கருங்காலி மரமும் ஈட்டி மரமும் இருக்கின்றன. கருப்பு மெருகு போட்ட தூண் சில வீடுகளில் கல்லாகவும் இருக்கும். புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். கல் சில்லென்று இருக்கும், மரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

காரைவேலை:
சுவரைப் பற்றி யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. செட்டிநாட்டின் பெருமையே சுவர்ப்பூச்சுதான். கல் மாதிரி குளிர்ச்சி, கண்ணாடி மாதிரி வழவழப்பு, நூறு வருடம் தாண்டியும் வெள்ளையடிக்காமல் நிற்கிறது.

செய்முறை சுருக்கமாக. சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறப்போட வேண்டும். அதிக நாள் ஊறினால் இன்னும் நல்லது. அவசரப்பட்டால் நீறாத துகள் சுவரில் போனபின் நீறி வெடிக்கும், அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழி விழும். முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு ஆற்று மணல். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு அரைப்பார்கள். கருப்பட்டி நீர் கலவையை இறுகச் செய்யும், கடுக்காய் வெடிப்பைக் குறைக்கும். அடுத்தடுத்த பூச்சில் மணல் குறைந்து சன்னமாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சில் மணலே கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அம்மியில் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, அட்டை கனத்துக்குத்தான் பூசுவார்கள். ஈரம் முழுக்கப் போவதற்குள் கரணையாலும் பிறகு வழவழப்பான கூழாங்கல்லாலும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் பளபளப்பு. விட்டுவிட்டுத் தேய்த்தால் திட்டுத் திட்டாக மங்கும். ஒரு சுவரை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்பதால் ஆட்கள் வரிசையாக நின்று வேலை செய்வார்கள்.

பார்க்கும் விதம்: சுவரில் கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்துச் சுவரின் நீளத்துக்குப் பாருங்கள். அசல் பூச்சில் எதிர்முனைக் கதவு நிழலாகத் தெரியும். பழுது பார்த்த இடம் மங்கலாகத் திட்டாகத் தெரியும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உரிந்திருந்தால், அங்கே யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் அல்லது வெளிப்பக்கம் சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஈரம் வந்த வழியே வெளியே போகும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் சுவருக்குள்ளேயே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே உள்ள நல்ல பூச்சைத் தள்ளிவிடும். எனாமல் பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான். 100 வருடம் நின்ற பூச்சு நாலு மழைக்காலத்தில் போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

கொங்குப்பயணி:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. மகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறாள். அவளுடைய கேள்வி: ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் செய்கிறார்களாமே, பட்டறையில் எந்தக் கட்டத்தைக் கவனிக்க வேண்டும்? ஊரெல்லாம் இருக்கிற தரைக்கல் அனைத்தும் ஆத்தங்குடிதானா?

ஆத்தங்குடிக்கல்:
பாப்பாவிடம் சொல்லுங்கள், இந்தக் கல் தலைகீழாகப் பிறக்கிறது. நாம் மிதிக்கும் மேல்பக்கம், செய்யும்போது அடிப்பக்கம்.

கல்லின் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சுத்தமாகத் துடைத்து இரும்புச் சட்டத்துக்குள் வைப்பார்கள். அதன்மேல் பூ வடிவில் தடுப்புகள் உள்ள தகட்டு அச்சை இறக்குவார்கள். சிமென்ட், சன்ன மணல், ஆக்சைடு நிறம் கலந்த குழம்பைத் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து, ஒரு சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேர் மேலாகத் தூக்குவார்கள். கவனிக்க வேண்டிய நொடி இதுதான்! கை நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் போய்விடும். குழம்பு நீர்த்திருந்தால் அச்சு போனதும் நிறங்கள் கலங்கும். கெட்டியாக இருந்தால் நிறங்களுக்கு நடுவில் கோடு விழும். கைப்பழக்கம் உள்ளவர்கள் அச்சே இல்லாமல் கையாலேயே நிறத்தைச் சுழித்து விடுவதும் உண்டு.

உடனே அதன்மேல் தண்ணீர் விடாத சிமென்ட் மணல் கலவையைத் தூவுவார்கள். அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக்கலவையை நிரப்பிக் கரணையால் அழுத்தி மட்டம் தட்டுவார்கள். அழுத்தும் இயந்திரம் கிடையாது, சூளை கிடையாது. ஒருநாள் காய்ந்தபின் கண்ணாடியோடு சேர்த்தே தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். எடுத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாக விட்டுக்கொண்டு வரும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். மெருகு என்று தனியாக எதுவும் போடுவதில்லை. முன்கூட்டியே நெம்பி எடுத்தால் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும், அல்லது மூலை உடையும்.

ஊர் மணலுக்கு இந்தத் தொழிலில் பங்கு உண்டு. வேறு ஊரில் இதே அச்சை வைத்துச் செய்தாலும் இந்த வழவழப்பு கைகூடவில்லை என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

போதிகை:
எல்லாத் தரையும் ஆத்தங்குடியா என்ற கேள்விக்கு: இல்லை. ஒரே வீட்டில் நாலைந்து வகை இருக்கும். முகப்பில் இத்தாலி சலவைக்கல், வளவுத் தாழ்வாரத்தில் பூக்கல் (ஆத்தங்குடிக் கல்), பின்கட்டில் சிவப்புக் காவித்தரை அல்லது வெறும் கல்பாவு. விருந்தாளி பார்க்கும் தூரம் வரைதான் காசு ஓடியிருக்கும், அதுவும் ஒரு சரித்திரம்.

ஆத்தங்குடியை அடையாளம் காண நிறங்கள் சந்திக்கும் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். கைவேலையில் கோடு மயிரிழை நடுங்கும், பக்கத்துக் கல்லின் பூ இதழும் இதுவும் அச்சு அசலாக இருக்காது. இயந்திரத்தில் அழுத்திய வெளிநாட்டுக் கல்லில் கோடு கத்தியால் வெட்டியது போல இருக்கும்.

சுவரின் கீழ்ப்பகுதியில் மேடு பள்ளமாக ரோஜாவும் பச்சை இலையுமாகப் பளபளக்கும் ஆறங்குலச் சதுர ஓடுகளை ஆத்தங்குடி என்று சொல்பவர்கள் நிறைய. அவை சூளையில் சுட்ட பீங்கான் ஓடுகள், பெரும்பாலும் ஜப்பானில் 1910-களிலிருந்து 1930-கள் வரை ஏற்றுமதிக்காகச் செய்தவை. மஜோலிகா என்பார்கள். விழுந்து கிடக்கும் ஓடு ஏதாவது இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், தயாரித்தவர் முத்திரை இருக்கும். சுவரில் இருப்பதை நெம்பாதீர்கள், தயவுசெய்து.

மேல்மாடிக்கு விட்டால் மெலிந்த இரும்புத் தூண்களைப் பாருங்கள். இங்கிலாந்து வார்ப்பு. நீளவாக்கில் மெல்லிய தழும்பு ஒன்று ஓடும், வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். பெயின்ட் பூச்சு மரமா இரும்பா என்று குழப்பினால் சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் போதும்.

நெல்லைவாசி:
மாற்றுக்கருத்து ஒன்று. எனக்கு இந்த வீடுகள் அவ்வளவாகப் பிடிபடவில்லை. கிரேக்கத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மை, நடுவில் லட்சுமி. கிடைத்ததையெல்லாம் வாங்கி ஒட்டியது போலத் தோன்றுகிறது. கேரளத்து நாலுகெட்டு வீட்டில் இருக்கிற அடக்கம் இதில் இல்லையே?

வளவு:
நேர்மையான கேள்வி அண்ணே, இதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது.

பொருள்கள் வெளியூர், ஆனால் வீட்டின் எலும்பு ஒன்றுகூட வெளியூர் இல்லை. திண்ணை, முற்றம், தாழ்வாரம், கட்டு எல்லாம் தமிழ்நாட்டு வீட்டின் அதே அடுக்கு. 1850-களிலிருந்து 1940-கள் வரை பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள், பார்த்ததையெல்லாம் அந்த எலும்பின்மேல் போர்த்தினார்கள். கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். யானை தண்ணீர் ஊற்ற லட்சுமி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு சிப்பாய் காவல் நிற்கிறான். கோயிலில் துவாரபாலகர் நிற்கும் இடம் அது. அந்தச் சுதைக் கொத்தனார் தன் காலத்துத் துவாரபாலகனுக்குத் தன் காலத்து உடுப்பைப் போட்டுவிட்டார். இதை ஒட்டுவேலை என்று என்னால் சொல்ல முடியாது, கற்பனை என்றுதான் சொல்வேன்.

1930-களுக்குப் பிந்திய வீடுகளில் பாணியே மாறும். வளைந்த பால்கனி, படிக்கட்டு போன்ற கோடுகள், சிமென்டில் ஊர் பெயரும் வருடமும் எழுதிய முகப்பு. ஆர்ட் டெக்கோ என்பார்கள். ஒரே தெருவில் தேக்குத் தூண் வைத்த பழைய வீட்டையும் இதையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின் பணவரவு நின்றது, கட்டுவதும் நின்றது. முகப்பில் எழுதிய வருடத்தைக் குறித்துக்கொண்டே தெருவில் நடந்தால் இந்தக் கதை தானாகப் படிக்கக் கிடைக்கும்.

அடக்கம் வேண்டுமென்றால் பின்கட்டுக்கு வாருங்கள். அடுப்படி முற்றத்தில் அம்மி, உரல், ஆட்டுக்கல், தண்ணீர்த் தொட்டி. ஒரு பூவேலை இருக்காது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நெல்லைவாசி:
துவாரபாலகர் விளக்கம் மனதில் தைத்தது. அடுத்த முறை நின்று பார்க்கிறேன்.

ஊருணிக்கரை:
ஐப்பசி, கார்த்திகையில் வர முடிந்தால் மழையோடு வாருங்கள். வீட்டின் முக்கால்வாசி அறிவு மழையில்தான் தெரியும். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரக் கூரை நாட்டு ஓடு. ஒரே அடுக்காக இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு வேய்ந்திருப்பார்கள், அதனால் வெயிலும் உள்ளே வராது, மழைச்சத்தமும் குறையும். நாலு பக்கத் தண்ணீரும் முற்றத்து மூலைகளுக்கு வந்து, தகரத் தூம்பு வழியாக இறங்கும். கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் கல் வடிகாலில் ஓடித் தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்கு. இங்கே ஆறு கிடையாது, பொட்டல் பூமி. வீட்டுக்கூரையும் ஊருணியும் சேர்ந்து ஒரே நீர்த்திட்டம்.

முற்றத்து மூலையில் பாசி படிந்திருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது என்று பொருள். பூட்டிக் கிடக்கும் வீடு சாவது இப்படித்தான். ஓர் ஓடு சரியும், தண்ணீர் உத்தரத்தில் இறங்கும், மரம் இற்றுப்போகும், கரையான் வரும். ஓர் ஓட்டை மாற்றியிருந்தால் போதும், ஆனால் மாற்ற ஆள் இல்லை. மாடியில் மட்டப்பாவுக்கும் (தட்டையான மொட்டைமாடித் தளம்) இதே கதைதான். தட்டோட்டுக்கு நடுவில் ஆலஞ்செடி முளைத்தால் சீக்கிரம் பிடுங்க வேண்டும், விட்டால் சுவரைப் பிளந்துவிடும்.

காரைவேலை:
அனுமதி பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், இங்கேதான் வெளியூர்க்காரர்கள் தவறு செய்வது.

இவை அருங்காட்சியகங்கள் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்குப் பல பங்காளிகள் சொந்தக்காரர்கள், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தன்னிஷ்டத்துக்கு யாரையும் உள்ளே விட முடியாது. கதவு திறந்திருந்தால் நுழையாமல் திண்ணைக்குக் கீழே நின்று கூப்பிடுங்கள். வயதான அம்மா வந்தால் 'ஆச்சி, வீட்டைப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், இரண்டாவது தடவை கேட்காதீர்கள். கட்டணம் வாங்கி உள்ளே விடும் வீடுகளில் சில்லறை கேட்பார்கள், 50, 100 ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். படத்துக்குத் தனிக்காசு இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் வீடு திறந்திருக்கும், வாழைமரம் கட்டியிருக்கும், ஆனால் அது உங்களுக்காகத் திறந்தது இல்லை. படைப்பு (முன்னோருக்குப் படையல்) நடக்கும் வீட்டிலும் அப்படித்தான், அது குடும்பத்தாருக்கு மட்டும். யாராவது அழைத்தால் போங்கள்.

செருப்பைக் கழற்றியாக வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் முற்றத்துக் கல் கொதிக்கும், காலுறை கொண்டுவந்தால் நல்லது. ஆனால் மெருகுத் தரையில் காலுறை வழுக்கும், படியில் கழற்றிவிடுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது பை தட்டி உடைந்த கண்ணாடிக்கும் விளக்குக்கும் மாற்று எங்கும் கிடைக்காது.

கொங்குப்பயணி:
முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். போகலாமா? வீட்டுப் பூஜையறைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும் வாங்க ஆசை. பத்தடிக்குப் பத்தடி.

போதிகை:
கண்டிப்பாகப் போங்கள். வீட்டில் 15 அடி உயரத்தில், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கி இருக்கும் போதிகையைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிற ஒரே இடம் அது. செதுக்கிய பலகையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழையதில் உளித்தடம் இருக்கும், ஆணித்துளை ஓரத்தில் இரும்புக்கறை மரத்துக்குள் ஊறிக் கறுத்திருக்கும். புதிதைப் பழையதாக்கியிருந்தால் கறுப்பு மேலோடு நிற்கும், ஓரத்தில் பச்சை மரம் தெரியும்.

வாங்குவது என்றால் எனாமல் தூக்குச்சட்டி, பித்தளை, பீங்கான் ஜாடி வாங்குங்கள். முழு நிலைக்கதவு, தூண் ஜோடி வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒவ்வொரு ஜோடித் தூணும் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. பங்கு பிரிக்க முடியாமல் மரத்தை விற்றுக் காசைப் பிரிக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு வீட்டைக்கூடச் சட்டப்படி காப்பாற்றாது. வாங்க ஆள் இருக்கும்வரை இடிக்கவும் ஆள் இருக்கும்.

ஆத்தங்குடிக்கல்:
புதுக்கல் தாராளமாக வாங்குங்கள், அதுதான் அந்தத் தொழிலைக் காப்பாற்றும். கணக்கு: 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் 225, 10 அங்குலக் கல் 144, 12 அங்குலக் கல் 100. இதன்மேல் நூற்றுக்குப் பத்து கூடுதலாக, ஒரே நாள் கலவையில் போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். கை அளவு என்பதால் அடுத்த கலவையில் நிறம் இம்மி மாறும். பார்டர் தனியாக எண்ணுங்கள். 10 அங்குலக் கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ, ஆக 158 கல் 470 கிலோ தாண்டும். உங்கள் காரில் வேண்டாம், லாரியில் போடச் சொல்லுங்கள். வைக்கோல் வைத்து நிறுத்தி அடுக்க வேண்டும், படுக்க வைத்தால் அடிக்கல் வெடிக்கும்.

பதிக்கும்போது கனம் கல்லுக்குக் கல் மாறும், ஆகவே மேல்பக்கத்துக்கு ரசமட்டம் பார்த்து அடிக்கலவையைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். பதித்தபின் பாலிஷ் இயந்திரம் வைக்கவே கூடாது, நிறம் இருப்பது மேலே கொஞ்சம்தான், அரைத்தால் வெறும் சிமென்ட் வந்துவிடும். உமியால் தேய்த்துத் துடைத்து, தேங்காயெண்ணெய் சில சொட்டு விட்ட துணியால் ஒரு கை ஓட்டினால் போதும். நடக்க நடக்கத்தான் மினுங்கும். ஆசிட் பட்டால் தீர்ந்தது. பூஜையறை என்பதால் இன்னொன்று: எலுமிச்சைச் சாறு, புளி போட்டுத் துலக்கிய விளக்கின் தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், வெள்ளைத் தழும்பு விழுந்தால் போகாது. விளக்கு வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கருங்கல் பலகையைப் பதித்துவிட்டு, சுற்றிலும் பூக்கல் போட்டுக்கொள்ளுங்கள்.

கொங்குப்பயணி:
கருங்கல் பலகை யோசனை அருமை. 18 அங்குலச் சதுரத்தில் பலகை வைத்தால் கல்லை வெட்ட வேண்டி வருமா?

ஆத்தங்குடிக்கல்:
10 அங்குலக் கல் என்றால் பலகையை 20 அங்குலமாக எடுங்கள், சரியாக நாலு கல்லின் இடத்தில் உட்காரும். வெட்டவே வேண்டாம். மொத்தத்தில் நாலு கல் குறைத்துக் கேளுங்கள்.